உறைதூக்கத்துக்கு விதி உண்டா

சிகப்பியின் பல் ஆஸ்பத்திரிக்கு
செக்காலை ரோட்டில் ஒன்பது மணிக்கு ஷட்டர் இறங்கும்.
பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே
குனிந்து நுழைகிறவர்கள் நாங்கள் ஐந்து பேர்.
மூன்று விதிப்புத்தகம்.
இருபது முகப் பகடை ஒன்றே ஒன்று.

கல்லூரிப் பக்கம் ஜெராக்ஸ் போட்டு
ஸ்பைரல் கட்டியவை.
அட்டையில் ராக்கெட்டைப் பார்த்த கடைக்காரர்
"புராஜெக்டா தம்பி?" என்றார்.
ஆமாம் என்றுவிட்டேன்.

முதல் புத்தகத்தில் ஒரு சரக்குக் கப்பல்,
கடனுக்கு வாங்கியது.
நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போனாலும்
மாதம் பிறந்தால் தவணை.
தேனப்பன் பத்துப் பக்கம் புரட்டி மூடினான்.
"பகலெல்லாம் நகைக்கடன் வட்டி எழுதுறேன்,
ராத்திரி விண்வெளிக்குப் போயும் அதேவா?"
பிறகு மறுபடி திறந்து,
"அதுவும் இவன் போட்டிருக்கிற வட்டி தப்பு" என்று
பென்சில் கேட்டான்.

இரண்டாவதில் ஒரு நிலவுச் சுரங்கம்.
அடியில் ஒன்று இருக்கிறது.
என்னவென்று ஆட்டம் நடத்தும் எனக்கு மட்டும் தெரியும்.
ஒரே ராத்திரியில் முடிந்துவிடும்,
அநேகமாக எல்லோரும் செத்து.
காற்றில்லாத இடத்தில் அது எப்படி உறுமும்
என்று கேட்டாள் உமையாள்.
பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவளிடம்
பயத்தை விற்பது கஷ்டம்.
ரஹ்மத்துல்லாவின் பணியாரத்திலிருந்து
காரச் சட்னி எண்ணெய் சொட்டி
உடை கிழிந்தால் எத்தனை நிமிட மூச்சு என்ற எண்ணைக்
குடித்துவிட்டது.
"எட்டுன்னு வச்சுக்குவோம்" என்றான் தேனப்பன்.
"ஆறுக்கு மேல முடியாது" என்றாள் உமையாள்.

மூன்றாவது தடிமன்.
ஏறியவர் யாரும் போய்ச் சேராத கப்பல்,
வழியிலேயே பிறந்து, கல்யாணம் கட்டி, தேர்தல் நடத்தி,
முந்நூறு வருஷம்.
"நமக்கு எத்தனை சனிக்கிழமை?"
என்று கேட்டாள் ஸ்டெல்லா.
ஐம்பது, அறுபது ஆகும் என்றேன்.
அவள் பகடையைச் சும்மா உருட்டினாள்.
நான்கு.

ஓட்டுக்கு
பல் பிடுங்கினால் கடிக்கக் கொடுக்கும் பஞ்சு,
ஆளுக்கு ஓர் உருண்டை.
இன்றைக்கு ஆறு வேர் சிகிச்சை,
யாராவது சாகணும் எனக்கு, என்று
சிகப்பி சுரங்கத்தில் வைத்தாள்.
திட்டிக்கொண்டே கடன்கப்பலில் வைத்தான் தேனப்பன்,
அதற்குள் இரண்டு அட்டவணையைத் திருத்தியிருந்தான்.
ரஹ்மத்துல்லா புதுக்கோட்டை வண்டிக் கண்டக்டர்:
"தினம் நாலு சிங்கிள். ஸ்டாப்பிங்கே இல்லாத வண்டின்னா
எனக்குச் சம்மதம்."
உமையாளும் அதற்கே.

ஸ்டெல்லா மட்டும்
பஞ்சைக் கையிலேயே வைத்திருந்தாள்.
"அயர்லாந்து விசா வந்துடுச்சு.
பத்தொன்பதாம் தேதி கிளம்புறேன்."

உள்ளறையில் கம்ப்ரசர் ஒருமுறை பெருமூச்சு விட்டு நின்றது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ரஹ்மத்துல்லாவின் பஞ்சு சுரங்கத்துக்கு நகர்ந்தது.
உமையாளுடையது. தேனப்பனுடையது.
ஒரே ராத்திரியில் முடிகிற ஆட்டத்தின் மேல்
நான்கு வெள்ளை உருண்டைகள்.

ஸ்டெல்லா தன்னுடையதை
மூன்றாவதில் வைத்தாள்.
"உறைதூக்கத்துக்கு விதி இருக்கா பாரு."

இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
விழித்திருப்போர் நால்வருக்குக் குறையாமல் இருந்தால்
ஒருவர் எத்தனை வருஷமும் தூங்கலாம்.
எழுப்பும்போது பகடை உருட்ட வேண்டும்,
ஒன்று விழுந்தால்...
அடுத்த வரியை நான் சத்தமாகப் படிக்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு
நோயாளி நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டாள்.
சிகப்பி காலால் மிதியை அழுத்த
அது மெதுவாக, உறுமிக்கொண்டே கீழே போனது.
"ரெண்டு வருஷ காண்ட்ராக்ட்.
என் ஆளை யாரும் கொன்னுடாதீங்க."

"தூங்குறவளுக்குக் கப்பல் கட்டணம் பாதியா, முழுசா?"
என்றான் தேனப்பன். பதில் வரவில்லை.
அவளுக்கான தாளை அவனே நிரப்பினான்.
பெயர்: ஸ்டெல்லா. வேலை: மருத்துவம்.
மூச்சு என்ற கட்டத்தில்
எட்டு என்று போட்டான்.

உமையாள் பார்த்தாள்.
திருத்தவில்லை.